லண்டன் பயணம்: ஒரே வீட்டில் யாருக்கு ஈடிஏ, யாருக்கு விசா?

அக்காவின் மகளுக்கு லண்டனில் கலியாணம். நான் தாய்மாமன், போகாமல் இருக்க முடியாது. ஜேர்மனியின் டோட்முண்டிலிருந்து பிரான்சின் கலே வழியாக வாகனத்தில் ஒரு நாள் ஓட்டம், அவ்வளவுதானே என்றுதான் நினைத்திருந்தேன். 2025 மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு, சாப்பாட்டு மேசையில் ஐந்து கடவுச்சீட்டுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, பிரித்தானியாவுக்குப் போக என்ன வேண்டும் என்று இணையத்தில் தேடினேன். மேலே முதலில் வந்த தளத்தில் அரச முடிச் சின்னமெல்லாம் போட்டிருந்தது. ஆளுக்கு 79 யூரோ, ஐந்து பேருக்கும் 395 யூரோ, கார்டில் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அக்காவுக்கு போன் எடுத்துச் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜேர்மன் கடவுச்சீட்டு, எங்களுக்குத் தேவைப்பட்டது ஆளுக்கு 16 பவுண் அனுமதி. மனைவிக்கும் மாமிக்கும் அந்த அனுமதி எத்தனை யூரோ கட்டினாலும் கிடைக்காது, அவர்களுக்கு விசா வேண்டும். இது எதையும் கேட்காமல்தான் அந்தத் தளம் ஐந்து பேரிடமும் காசை வாங்கிக்கொண்டது.

அதன்பிறகு இரண்டரை மாதம் நான் பட்ட பாட்டை நீங்கள் படத் தேவையில்லை. ஐரோப்பாவில் இருக்கும் நம் வீடுகளில் அப்பாவிடம் ஒரு கடவுச்சீட்டு, அம்மாவிடம் இன்னொன்று, பாட்டியிடம் வேறொன்று என்று இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கனடா, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் கடவுச்சீட்டின் அட்டையைப் பாருங்கள்

எந்த நாட்டில் வசிக்கிறீர்கள், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. எந்த நாட்டின் கடவுச்சீட்டில் பயணம் செய்கிறீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், சுவிஸ், நோர்வே, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, மொரீசியஸ் ஆகியவற்றின் கடவுச்சீட்டு வைத்திருந்தால் உங்களுக்கு ஈடிஏ, அதாவது மின்னணுப் பயண அனுமதி. கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும். அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டும் எதுவும் தேவையில்லை.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா. உங்களிடம் ஜேர்மன் நிரந்தர வதிவிட அனுமதியோ சுவிஸ் ‘சி’ அட்டையோ பிரெஞ்சுப் பத்து வருட அட்டையோ இருந்தாலும் விசாதான். “எனக்கு ஷெங்கன் இருக்குத்தானே” என்று என் மனைவி கேட்டார். ஷெங்கன், அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வலயம், இங்கிலீஸ் கால்வாயோடு முடிந்துவிடுகிறது.

மூன்றாவது வகையைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்: நீல நிற அகதிப் பயண ஆவணம். மாமியிடம் இருப்பது அதுதான். ஜேர்மன் அரசு கொடுத்தது, மேலே ஜேர்மன் மொழியில் எழுதியிருக்கிறது, ஆனால் அது ஜேர்மன் கடவுச்சீட்டு அல்ல. அதற்கும் ஈடிஏ கிடையாது, விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. ஜேர்மன், பிரெஞ்சு அடையாள அட்டையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லண்டன் போய்வந்த காலம் போய்விட்டது. 2021 அக்டோபரிலிருந்து சுற்றுலாவாகப் போகிற ஐரோப்பியர்களுக்கும் கடவுச்சீட்டு கட்டாயம். அது பயணம் முடியும் வரை செல்லுபடியாக இருந்தால் போதும், ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்ற விதி பிரித்தானியாவுக்கு இல்லை.

2. வீட்டில் யாராவது ஏற்கெனவே ‘பிரித்தானியரா’ என்று பாருங்கள்

இது வேடிக்கையான கேள்வி மாதிரித் தெரியும். சின்ன அண்ணா ஜேர்மன் பிரஜை, சில வருடம் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மகன் பிறந்தது அங்கே. பிறக்கும்போது அண்ணாவுக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தது. பெற்றோரில் ஒருவர் பிரித்தானியக் குடிமகனாகவோ அங்கே நிரந்தர உரிமை பெற்றவராகவோ இருக்கும்போது அந்த மண்ணில் பிறந்த பிள்ளை, பிறந்த நிமிடத்திலிருந்தே பிரித்தானியக் குடிமகன்தான். யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கடவுச்சீட்டு எடுத்திருக்கவும் வேண்டியதில்லை.

பிரித்தானியக் குடிமகனுக்கு ஈடிஏ கொடுக்க மாட்டார்கள். 2025 கலியாணத்துக்குப் பையன் ஜேர்மன் கடவுச்சீட்டில் வந்து போனான், யாரும் எதுவும் கேட்கவில்லை. 2026 பெப்ரவரி 25 முதல் நிலைமை வேறு. அனுமதி இல்லாதவரை விமானத்திலோ கப்பலிலோ ரயிலிலோ ஏற்றக் கூடாது என்ற விதியை அன்றிலிருந்து முழுமையாக நடைமுறைப்படுத்துகிறார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பிரித்தானியக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மற்ற நாட்டுக் கடவுச்சீட்டில் ‘உரிமைச் சான்றிதழ்’ என்று ஒன்று எடுக்க வேண்டும். 2025 கட்டணப்படி அந்தச் சான்றிதழ் 589 பவுண். கடவுச்சீட்டு எடுப்பதே எவ்வளவோ மலிவு. ஆனால் வெளிநாட்டிலிருந்து பிள்ளைக்கு முதன்முறையாக எடுப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். அண்ணா குடும்பம் 2026 ஈஸ்டருக்குப் புறப்பட்டபோது, விமான நிலைய கவுண்டரில் பையனுடைய கடவுச்சீட்டில் ‘பிறந்த இடம்: லெஸ்டர்’ என்று பார்த்ததும் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு டிக்கெட், காசு போனது போனதுதான்.

முன்பு அங்கே இருந்துவிட்டு ‘செட்டில்ட்’ (நிரந்தர) அல்லது ‘ப்ரீ-செட்டில்ட்’ (தற்காலிக) வதிவிட உரிமையோடு ஐரோப்பாவுக்கு வந்து போகிறவர்களுக்கு ஈடிஏ தேவையில்லை. ஆனால் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால், அந்தப் புதிய எண்ணை உங்கள் குடிவரவுக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். சேர்க்காவிட்டால் விமான நிறுவனத்தின் திரையில் உங்களுக்கு எந்த அனுமதியும் இல்லை என்றுதான் காட்டும்.

3. விசா வேண்டியவரின் வேலையை முதலில் தொடங்குங்கள்

ஈடிஏ சுலபம் என்பதால் எல்லாரும் முதலில் அதை முடித்துவிட்டு, விசாவை ‘பிறகு பார்ப்போம்’ என்று விடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்யப் பார்த்தேன். தலைகீழாகச் செய்யுங்கள். விசா கையில் வரும் வரை மற்றவர்களுக்கு டிக்கெட் கூட எடுக்காதீர்கள்.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் முடியாது. கைரேகை கொடுத்த நாளிலிருந்து வழக்கமாக மூன்று வாரத்தில் பதில் வரும் என்று சொல்கிறார்கள். எங்கள் கணக்கு இது: விண்ணப்பம் ஜூன் 10, டுசெல்டோர்ஃபில் கைரேகை ஜூன் 19, மனைவிக்குப் பதில் ஜூலை 8, மாமிக்கு ஜூலை 17. அந்த ஒன்பது நாள் வித்தியாசத்தில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

கட்டணம், ஆறு மாத விசாவுக்கு 127 பவுண் (2025 ஏப்ரல் 9 முதல் இருந்த கணக்கு). அவசரமாக ஐந்து வேலை நாளில் வேண்டுமென்றால் கூடுதலாக 500 பவுண், மறுநாளே வேண்டுமென்றால் 1,000 பவுண். இரண்டு வருட விசா 475. அடிக்கடி போகிறவர்களுக்கு அது நல்லது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் எத்தனை வருட விசா எடுத்தாலும் ஒரு தடவையில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. மறுத்துவிட்டாலும் காசு திரும்பி வராது. வருடத்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஆறு மாதமே போதும் என்பது என் கருத்து.

விண்ணப்பப் படிவம் இணையத்தில். அதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில.

பத்து வருடப் பயண வரலாறு கேட்கிறது. மாமி திருச்சிக்கு இரண்டு தடவை போய்த் தன் தங்கச்சியைப் பார்த்திருக்கிறார், கனடாவுக்கு ஒரு தடவை. என்று போனார், என்று வந்தார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பழைய ஆவணமும் மாற்றிக் கொடுத்தாயிற்று. கடைசியில் கனடாத் தேதியைப் பேரனின் பிறந்தநாள் ஆல்பத்திலும், திருச்சித் தேதியை மாமியின் பழைய போனில் இருந்த படங்களிலும் கண்டுபிடித்தோம். நீங்கள் செய்ய வேண்டியது: கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுக்குமுன் முத்திரைப் பக்கங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

‘எந்த நாடாவது எப்போதாவது விசா மறுத்திருக்கிறதா’ என்று ஒரு கேள்வி. மாமிக்கு 2009-இல் இதே பிரித்தானியா மறுத்திருக்கிறது. “அது பதினாறு வருடத்துக்கு முந்தின கதை, விடுங்கோ” என்றார் ஒரு சொந்தக்காரர். விடாதீர்கள். பழைய மறுப்பு மட்டும் ஒரு விண்ணப்பத்தைக் கவிழ்ப்பது அபூர்வம். மறைத்தது பிடிபட்டால் ஏமாற்று என்று எழுதி, பத்து வருடம் உள்ளே வர முடியாதபடி செய்துவிடுவார்கள். நாங்கள் வருடத்தையும் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதினோம், விசா வந்தது.

காசு விபரம். மாத வருமானம், மாதச் செலவு, இந்தப் பயணத்துக்கு எவ்வளவு, யார் கட்டுகிறார்கள் என்று கேட்பார்கள். படிவத்தில் நீங்கள் எழுதும் எண்ணும் வங்கிக் கூற்றில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பிக்குமுன் யாரிடமாவது மூவாயிரம் நாலாயிரம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. திடீரென்று வந்து நிற்கும் அந்தக் காசைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும். மாமிக்கு முதியோர் உதவிப் பணம் மட்டும்தான், அதை அப்படியே காட்டினோம். செலவு என்னுடையது என்று நான் ஒரு கடிதம் எழுதி, என் சம்பளச் சீட்டும் ஆறு மாத வங்கிக் கூற்றும் சேர்த்தேன்.

அக்கா தரப்பிலிருந்து: அழைப்புக் கடிதம், அவருடைய கடவுச்சீட்டுப் பிரதி, வீட்டு முகவரிக்கு ஒரு பில், மண்டபம் பதிவு செய்த ரசீது, கலியாணக் கார்ட். கார்ட் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் அடித்திருந்ததால் தப்பினோம், ஏனென்றால் ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். ஜேர்மன் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், முதியோர் உதவிக் கடிதம் எல்லாமே இதில் அடங்கும். எனக்கு மொழிபெயர்ப்புக்கு மட்டும் 180 யூரோ போனது. வங்கியிடமும் வேலையிடத்திலும் முதலிலேயே ஆங்கிலத்தில் கடிதம் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். நான் பாதி வேலை முடிந்தபிறகுதான் கேட்டேன்.

கைரேகைக்கு நேரம் பதியும்போது காசு கட்டும் நேரங்களை முதலில் காட்டுவார்கள், இரண்டு மூன்று நாள் தள்ளிப் பார்த்தால் இலவச நேரம் இருக்கும். குறுஞ்செய்திச் சேவை, ஆவணங்களை ஸ்கேன் செய்து தருதல் என்று கூடையில் தானாக ஏறி நிற்பவற்றை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஆவணங்களை வீட்டிலிருந்தே நீங்களே பதிவேற்றலாம், இலவசம். எங்கள் முறையில் கடவுச்சீட்டை அவர்கள் வைத்துக்கொண்டதால் அந்த வாரங்களில் வேறு எங்கும் போக முடியவில்லை, அதையும் கணக்கில் வையுங்கள்.

கைரேகை எடுக்கும் இடத்தில் மாமியின் விரல்களை இயந்திரம் ஏற்கவே இல்லை. முப்பது வருடம் அலுவலகங்களில் தரை துடைத்த கை, ரேகை எங்கே இருக்கும்? ஐந்து தடவை வைத்துப் பார்த்தார்கள். ஆறாவது தடவை அந்தப் பெண் ஈரத் துணியால் துடைத்து, தன் கையால் மெல்ல அழுத்திப் பிடித்து எடுத்தார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முதல் நாளிரவே கைக்குக் கொஞ்சம் கிரீம் பூசிவிடுங்கள், அந்தச் சந்திப்புக்குப் பின்னால் அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

4. ஈடிஏ: செயலியில் எடுங்கள், வேறு எங்கும் வேண்டாம்

இரண்டு வழிதான் உண்டு. ‘யூகே ஈடிஏ’ என்ற அரசுச் செயலி, அல்லது முகவரி ‘கவ் டொட் யூகே’ என்று இருக்கும் அரசுத் தளம். மற்றதெல்லாம் இடைத்தரகர். தேடலில் மேலே ‘விளம்பரம்’ என்று சின்னதாகப் போட்டு வருவது எதையும் தொடாதீர்கள். நான் அந்த 395 யூரோவுக்கு மறுநாளே எழுதினேன். ‘சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று ஒரு வரிப் பதில். கார்ட் கொடுத்த வங்கிக்குப் போய் முறையிட்டதில், ஆறு வாரம் கழித்து, தகுதியே இல்லாத இரண்டு பேருக்கும் எடுத்த 158 யூரோ திரும்பி வந்தது. மிச்சம் மூன்று பேருடையது போச்சு. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தளத்தோடு மல்லுக்கட்டாமல் நேரே வங்கிக்குப் போங்கள்.

கட்டணம் முதலில் 10 பவுணாக இருந்தது, 2025 ஏப்ரல் 9-இல் 16 ஆனது, நாங்கள் கட்டியது அது. அதற்குப் பிறகும் ஏற்றுவதாக அரசு அறிவித்தது, ஆகவே செயலி கேட்கும் தொகையைத்தான் நம்ப வேண்டும்.

செய்முறை பதினைந்து நிமிடம். கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும், அப்புறம் உள்ளே இருக்கும் சிப்பை போன் படிக்க வேண்டும். இங்கேதான் நான் இருபது நிமிடம் போராடினேன். போனைக் கடவுச்சீட்டின் மேல் வைக்கிறேன், எடுக்கிறேன், திருப்புகிறேன், ‘மீண்டும் முயற்சிக்கவும்’. பதினாலு வயது மகன் வந்து பார்த்துவிட்டு, “அப்பா, கவரைக் கழற்றுங்கோ” என்றான். போனின் தோல் உறையைக் கழற்றி, கடவுச்சீட்டை மேசையில் தட்டையாக வைத்து, போனை மேலே வைத்து அசையாமல் பிடித்ததும் இரண்டு விநாடியில் முடிந்தது. உலோக மேசை என்றால் அதுவும் தடுக்கும், மரத்தில் வையுங்கள்.

பிறகு முகத்தை ஸ்கேன் செய்யும், திரை நிறம் நிறமாக மின்னும், கண்ணாடி போட்டிருந்தால் கழற்றுங்கள். சின்ன மகளுக்கு ஏழு வயது, அவளுக்கு முகம் ஸ்கேன் கேட்கவில்லை, ஆனால் படம் வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, சிரிக்காதே என்று சொன்னால் சிரிக்காத பிள்ளை எங்கே இருக்கிறது, பதினோராவது படம்தான் சரியானது.

தளத்தில் கையால் நிரப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜேர்மன் கடவுச்சீட்டு எண்ணில் ‘ஓ’ என்ற எழுத்து வரவே வராது, வட்டமாகத் தெரிவதெல்லாம் சுழியம். எழுத்தை அடித்தால் உங்கள் ஈடிஏ, உலகிலேயே இல்லாத ஒரு கடவுச்சீட்டு எண்ணோடு இணைந்து கிடக்கும். பிழையைத் திருத்தும் வசதி கிடையாது, மறுபடி விண்ணப்பித்து மறுபடி கட்ட வேண்டும்.

பதில் பெரும்பாலும் அன்றே வரும், ஆனாலும் மூன்று வேலை நாள் ஒதுக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு மணி நேரத்தில் வந்தது, மகளுடையது மறுநாள் மதியம். மூன்றும் என் மின்னஞ்சலுக்கே, ஒவ்வொன்றிலும் 16 இலக்க எண். அனுமதி கடவுச்சீட்டோடு மின்னணு முறையில் இணைந்திருக்கும் என்பதால் அச்சடிக்கத் தேவையில்லை, நான் அச்சடித்தேன், பழக்கம் விடாது. இரண்டு வருடம் செல்லும், அதற்குள் எத்தனை தடவையும் போகலாம். கடவுச்சீட்டு முன்னதாக முடிந்தால் ஈடிஏயும் அன்றே முடிந்துவிடும். ஆகவே சில மாதத்தில் முடியப்போகும் கடவுச்சீட்டில் ஈடிஏ எடுப்பது வீண், முதலில் புதுப்பியுங்கள்.

குற்றத் தண்டனை பற்றிய கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கும், கடந்த ஒரு வருடத்துக்குள் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் ஈடிஏ கிடைக்காது. மறுத்தால் மேல்முறையீடு இல்லை, விசாவுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. தொண்ணூறுகளிலோ அதன் பின்னரோ அங்கே புகலிடம் கேட்டு, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஈடிஏ போடாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்னதாகப் போட்டுப் பாருங்கள்.

5. மாப்பிள்ளை பொம்பிளைக்கு இந்த வழி இல்லை

கலியாணத்துக்கு விருந்தாளியாகப் போகலாம், ஆனால் அங்கே உங்கள் கலியாணத்தை ஈடிஏயில் செய்ய முடியாது. சாதாரண வருகையாளர் விசாவிலும் முடியாது. பதிவுக்கு அறிவித்தல் கொடுப்பதற்குக்கூட அனுமதி இல்லை. கனடா மாப்பிள்ளை, லண்டன் பொம்பிளை, கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை திரும்பிப் போகிறார் என்றால், அவர் ‘திருமண வருகையாளர் விசா’ எடுத்துத்தான் வர வேண்டும், கனடாக் கடவுச்சீட்டாக இருந்தாலும் சரி. எங்கள் மருமகளின் மாப்பிள்ளை டொரொண்டோக்காரர். அக்கா இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்ததால் சமாளித்தார்கள்.

வேலையும் செய்யக் கூடாது. சொந்தக்காரரின் கடையில் ஒரு வாரம் கல்லாவில் இருந்து உதவுகிறேன் என்று எல்லையில் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள், சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான்.

6. பிள்ளைகளின் பெயருக்குப் பத்திரம்

நம் பெயர் வைக்கும் முறை வெள்ளைக்கார அதிகாரிக்கு விளங்காது. என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். பிள்ளைகளின் குடும்பப் பெயர் என் பெயர். மனைவியின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். மாமியினுடையது வேறு. ஐந்து பேரில் பிள்ளைகள் இருவரைத் தவிர ஒருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இல்லை. பிள்ளையின் பெயரும் பெரியவரின் பெயரும் வேறுபட்டால் உறவைக் காட்டச் சொல்லி அதிகாரி கேட்கலாம், அது பிள்ளைக் கடத்தலைத் தடுக்கும் ஏற்பாடு, கோபப்பட வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள். ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகளுக்குப் பதிவு அலுவலகத்தில் பன்மொழிப் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் தருவார்கள், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். தாயோ தகப்பனோ தனியாகக் கூட்டிப் போனால் மற்றவரின் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கட்டாயம் வையுங்கள்.

7. எல்லையில்

வாகனத்தில் போகிறவர்கள் டோவரில்தான் சோதனை என்று நினைக்க வேண்டாம். பிரித்தானிய அதிகாரிகள் பிரான்ஸ் பக்கத்திலேயே, கலேயில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாரிஸ் ரயில் நிலையத்திலும் அப்படித்தான். ஆகவே அனுமதி இல்லாவிட்டால் கடலையே பார்க்காமல் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் முறை வந்தபோது அதிகாரி ஐந்தையும் வாங்கி, ஜேர்மன் மூன்றை ஒரு பக்கம், மற்ற இரண்டை ஒரு பக்கம் வைத்தார். என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை. மாமியைக் குனிந்து பார்த்து, யாருடைய கலியாணம் என்று கேட்டார். மாமி அழகான ஜேர்மனில் பதில் சொன்னார். பின் இருக்கையில் மகன் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டான். அடுத்ததாக மகளிடம், பக்கத்தில் இருப்பது யார் என்றார். “அம்மா” என்றாள். பிறப்புச் சான்றிதழை நீட்டினேன், பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம். அழைப்புக் கடிதம், கார்ட், திரும்பும் டிக்கெட் எல்லாம் மாமியின் மடியில் ஒரு கோப்பில் இருந்தன, கடைசியில் அதைத் திறக்கவே இல்லை. ஆனாலும் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வையுங்கள்.

விமானத்தில் போகிற ஐரோப்பிய, கனடிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்கள் குறித்த வயதை எட்டியிருந்தால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். மலேசியக் கடவுச்சீட்டுக்கு அந்தக் கதவு இல்லை, வரிசைதான்.

சாப்பாட்டுப் பெட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால், சீஸ் வகையும் சொந்தப் பாவனைக்குக்கூட உள்ளே கொண்டு போகக் கூடாது. மாமி முதல்நாள் இரவு முழுக்க நின்று சமைத்த ஆட்டிறைச்சிக் கறி குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. மாமி அதைக் கொட்ட விடுவாரா? கலே வாகனத் தரிப்பிடத்தில் காலை ஏழு மணிக்குப் பாணோடு நல்லதாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வரிசைக்குப் போனோம்.

8. லண்டனில் விமானம் மாறுகிறவர்கள்

கனடாவிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ ஹீத்ரோ வழியாகப் போகிறவர்கள் கேட்பது இது. ஹீத்ரோவிலும் மன்செஸ்டரிலும் எல்லைச் சோதனைக்கு வெளியே வராமல் அப்படியே அடுத்த விமானத்துக்கு மாறினால் ஈடிஏ வேண்டாம். பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அல்லது ஹீத்ரோவிலிருந்து லண்டனின் இன்னொரு விமான நிலையமான கட்விக்குக்கு மாற வேண்டும் என்றால் ஈடிஏ வேண்டும். மலிவாக இருக்கிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால், எல்லைச் சோதனைக்கு வெளியே வராமல் மாறுவதற்கும் தனியாக ஒரு இடைமாறல் விசா உண்டு. கனடா, அமெரிக்க விசா மாதிரி சிலவற்றை வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது, டிக்கெட் எடுக்குமுன் அரசுத் தளத்தில் உங்கள் கடவுச்சீட்டைப் போட்டுப் பாருங்கள்.

9. செலவுக் கணக்கும் தேதியும்

எங்கள் ஐந்து பேருக்கும் உண்மையில் ஆக வேண்டியது: மூன்று ஈடிஏ 48 பவுண், இரண்டு விசா 254 பவுண், மொத்தம் 302 பவுண். அதோடு மொழிபெயர்ப்பு 180 யூரோ, டுசெல்டோர்ஃபுக்கு இரண்டு தடவை போய்வந்த எண்ணெய்ச் செலவு. என் அவசரத்தால் கூடியது 237 யூரோ.

விசா படிவத்தில் பயணத் தேதி கேட்கும் இடத்தில் மட்டும் யோசித்து எழுதுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் அந்தத் தேதியை ஒட்டித்தான் ஆறு மாதம் ஓடத் தொடங்கும். மனைவி ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஜூலை நடுவில் போட்டார், அவருடையது ஜனவரி நடுவில் முடிந்தது. மாமிக்கு நான் ஓகஸ்ட் 20 என்று போட்டேன். அதனால் மாமி நத்தாருக்கும் போய், பொங்கலும் அக்கா வீட்டிலேயே பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெப்ரவரி முதல் வாரத்தில்தான் திரும்பி வந்தார்.